எபிசோட் அண்ணன் முடித்த சீரியல்

மலாக்கா மாநிலத்திலேயே மாமியார் குரலில் அழுதுகொண்டே பஸ் ஓட்டத் தெரிந்த ஒரே மனுஷர் எங்கள் எபிசோட் அண்ணன்தான். பெம்பானிலிருந்து எங்களைப் பத்து பெரண்டாமில் இருக்கும் ஃபேக்டரிக்கு ஏற்றிப்போவார்; வழியெல்லாம் தானே கட்டிய சீரியல் காட்சிகளை நடித்துக்கொண்டே ஓட்டுவார். ஒருமுறை சிக்னலில் பச்சை விழுந்தது தெரியாமல் மருமகளை வீட்டைவிட்டுத் துரத்திக்கொண்டிருந்தார். பின்னால் ஒரே ஹாரன் சத்தம். "இருங்கலா! அவ இன்னும் வாசலத் தாண்டல!" என்றார்.

கோலாலம்பூரில் ஒரு நாடகக் கம்பெனி புது எழுத்தாளர்களைத் தேடியது. டிவியில் ஓடும் சீரியல் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்கு ஒரே ஒரு எபிசோட் மாதிரிக்கு எழுதி அனுப்ப வேண்டும். கதைப் போக்கை மாற்றக்கூடாது. அண்ணனுக்கு அது வாழ்நாள் கனவு. ஆனால் எந்த சீரியல்?

பஸ்ஸிலேயே தேர்தல் வைத்தார். போலீஸ் கதை என்று ஒரு கட்சி, பேய்க் கதை என்று இன்னொரு கட்சி. இறங்கும்போது பாதிப் பேருக்குப் பேச்சுவார்த்தை இல்லை. "பாக்கியம் அக்கா பார்க்கிறத எழுதுங்கண்ணே" என்றேன். அக்கா அவர் மனைவி.

"அலாமாக்! அந்த இழுவையா? மாசக்கணக்கா மாலையக் கையில வச்சிக்கிட்டு நிக்கிறாங்க!"

போலீஸ் கதைதான் ஜெயித்தது.

அந்த நேரம் பார்த்து அக்காவுக்கு நோய் முற்றி, மலாக்கா ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டாக்டரும் கையை விரித்துவிட்டார். நாங்கள் பார்க்கப் போனபோது அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார்: "சீரியல்ல அந்தப் புள்ள கல்யாணத்த நான் பார்ப்பனான்னு தெரியலயே." அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

போலீஸ் கதையைத் தூக்கிப் போட்டுவிட்டு அந்த இழுவையையே எழுதினார். கட்டில் பக்கத்தில் நின்று எல்லாக் குரலிலும் நடித்தும் காட்டினார். மாமியார் மன்னிப்புக் கேட்டாள். மாலை மாறியது. வில்லிக்குக்கூட மாப்பிள்ளை கிடைத்தான். அடுத்த கட்டில் மலாய்க்கார அம்மா, ஒரு வார்த்தை புரியாமலே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஒருவழியா முடிச்சி வச்சிட்டீங்க" என்று அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதைத்தான் கம்பெனிக்கும் அனுப்பினார். "வேணாண்ணே, போலீஸ் கதைய எழுதி அனுப்புங்க" என்று கெஞ்சினோம். "நான் எழுதினதுல அவ காதால கேட்டது இது ஒண்ணுதான்மா" என்றார்.

பதில் வந்தபோது அக்கா இல்லை. 'ஒரு எபிசோட் கேட்டோம், நீங்கள் சீரியலையே முடித்துவிட்டீர்கள்' என்று எழுதியிருந்தார்கள். "சரிதான்லா" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். அதற்குப் பிறகு மாமியாரும் பேசவில்லை, மருமகளும் பேசவில்லை. பச்சை விழுந்தால் பஸ் உடனே நகர்ந்தது. அதுதான் எங்களுக்குத் தாங்கவில்லை.

அந்த சீரியல் இன்னும் ஓடுகிறது. மாலையும் இன்னும் கையில்தான் இருக்கிறதாம். எங்கள் பஸ்ஸில் யாரும் பார்ப்பதில்லை. எங்களுக்கு அது அண்ணன் முடித்த அன்றே முடிந்துவிட்டது.