மாதாவைத் திருப்பியவன் நான்தான்

செவ்வாய்க்கிழமை, காலை.

பாரி நகர ஆயர் அலுவலகத்தில் செயலராக இருக்கும் அருட்தந்தை கத்தால்தோ அவர்களுக்கு, உங்கள் அக்காள் நுன்ஸியாவின் கணவன் ஓரோன்ஸோ பணிவுடன் எழுதுவது. இங்கே அனைவரும் நலம், உங்கள் அக்காளுக்கு முழங்கால் வலி மட்டும் அப்படியே. சாமியார் என்பதால் 'நீங்கள்' என்று தொடங்குகிறேன். போகப்போக மச்சான் என்ற நினைப்பில் 'நீ' என்று வந்துவிடும். மன்னிக்கவும்.

விஷயம் இதுதான். நம் பழக் கிட்டங்கி வாசலில் ஓர் ஆள் உயரத்துக்கு மேலே நிற்கும் பழைய ரோமானிய மைல்கல்லும், அதன் தலையில் உட்கார்த்திய மாதா மாடமும் உனக்குத் தெரியும், சின்ன வயதில் அதன் மேல் ஏறி உன் அப்பாவிடம் அறை வாங்கியவன் நீ. போன சனிக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு, ஊரே சன்னலைச் சாத்திக்கொண்டு தூங்கும் நேரத்தில், நான் லாரியைப் பின்னால் எடுத்தேன், இடித்தேன். கல் சாய்ந்து விழுந்தது. மாடம் காலி அட்டைப்பெட்டிக் குவியலில் விழுந்ததால் மாதாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. நானும் என்னிடம் வேலை செய்யும் மிங்குச்சோவும் ஃபோர்க்லிஃப்ட்டைக் கொண்டுவந்து கல்லைத் தூக்கி நிறுத்தி, மண்ணை இறுக்கி, மேலே மாடத்தை வைத்து, சில மணி நேரத்தில் இறுகும் சிமெண்டு பூசி, மூன்றரைக்குள் வேலையை முடித்துக் கையைக் கழுவிவிட்டோம். ஒரு தப்பு மட்டும் நடந்துவிட்டது. முப்பது வருஷமாகப் பழப்பெட்டி அடுக்குகிறவன் நான். பெட்டியின் முகப்பு எப்போதும் கிட்டங்கிப் பக்கம் இருக்க வேண்டும், அப்போதுதான் உள்ளே நிற்பவன் எண்ணலாம். கை, பழக்கத்தில் மாதாவையும் அப்படியே வைத்திருக்கிறது. சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் என் கிட்டங்கியைப் பார்க்க உட்கார்ந்துவிட்டார். கல்லும் சுற்றிப்போய், இத்தனை நாள் என் சுவரைப் பார்த்திருந்த லத்தீன் எழுத்தெல்லாம் சாலைப் பக்கம் வந்துவிட்டது. சத்தியமாக நான் கவனிக்கவில்லை.

ஞாயிறு காலை முதல் பூசை முடிந்து வந்த சாவெரியா அக்கா கவனித்தாள். அவள் போட்ட கூச்சலில் நான் உள்சட்டையோடு ஓடிவந்தேன்.

"ஓரோன்ஸோ! மாதா உன் பக்கம் திரும்பிட்டாங்கடா! நீதான் கோயில் பக்கமே வரமாட்டேங்கிறியே, அவங்களே உன்னைத் தேடித் திரும்பிட்டாங்க!"

"அக்கா, திருப்பினது நான்தான். லாரியால இடிச்சுட்டேன்."

"பாருங்கடி, பாவத்தை ஒத்துக்கிறான்! கண்ணெல்லாம் கலங்குது பாருங்க!"

"கலங்கல, தூக்கக் கலக்கம். ஃபோர்க்லிஃப்ட்ல தூக்கி வச்சேன்."

"எப்போ வச்சே?"

"நேத்து மதியம் மூணு மணிக்கு."

கூட்டமே சிரித்தது. மதியம் மூன்று மணிக்கு இந்த ஊரில் எவன் வேலை செய்வான்? பின்னாலிருந்து முடிவெட்டும் பெப்பினோ சொன்னான்: "முப்பது வருஷத்துல இவன் ஒரு தப்பையாவது ஒத்துக்கிட்டிருக்கானா? இப்ப ஒத்துக்கிறான்னா, அதுவே அற்புதந்தான்!" எல்லோரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து என் வாசலில் நூறு பேருக்குக் குறையாமல் முழங்காலில் நிற்கிறார்கள். நேற்று பக்கத்து ஊர்களிலிருந்து இரண்டு பஸ் வந்தது. உள்ளே குளிர் அறையில் எட்டு டன் செர்ரி இருக்கிறது, கத்தால்தோ. செர்ரி ஆப்பிள் இல்லை, காத்திருக்காது. புதன் ராத்திரிக்குள் ம்யூனிக் சந்தையில் இறங்காவிட்டால் அங்கிருக்கிற ஆள் துருக்கிக்காரனிடம் வாங்கிவிடுவான், அடுத்த வருஷமும் அவனிடமே வாங்குவான். ஹாரன் அடித்தேன், "அமைதியா இருங்க, ஜெபம் நடக்குது" என்கிறார்கள், என் சொந்த வாசலில்!

நானே திருப்பி வைத்துவிடலாம் என்று நேற்று ஃபோர்க்லிஃப்ட்டைக் கிளப்பினேன். பங்குச் சாமியார் குறுக்கே நின்றுகொண்டு, ஆயர் விசாரித்து முடிக்கும்வரை மாடத்தில் கை வைக்கக்கூடாது என்றார். சரி, கல்லையாவது நகர்த்துகிறேன் என்றேன். அதற்குள் எழுத்தைப் படிக்க வந்திருந்த தொல்பொருள் அலுவலகத்து அம்மாள், "ஐயா, அது அரசாங்கச் சொத்து, தொட்டா வழக்கு" என்றாள். ஏதோ ஒரு சக்கரவர்த்தி இந்தச் சாலையைத் தன் கைக்காசில் போட்டாராம், அதுதான் அதில் எழுதியிருக்கிறதாம். அவர் போட்ட சாலைக்கு இறங்க என் லாரிக்கு வழியில்லை. மேலே இருப்பது சாமிக்கு, கீழே இருப்பது சர்க்காருக்கு, நடுவில் நான் பூசிய சிமெண்டு மட்டும்தான் எனக்கு.

ஆகவே மச்சான், உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். ஆயரிடம் இதைப் படித்துக் காட்டி, "இது அற்புதம் அல்ல, பழ வியாபாரி ஓரோன்ஸோவின் கவனக்குறைவு" என்று முத்திரை போட்டு ஒரு தாள் இன்றைக்கே வாங்கி, இதைக் கொண்டுவரும் ஆளிடமே கொடுத்தனுப்பு. என்னை முட்டாள் என்று எழுதினாலும் பரவாயில்லை, கையெழுத்துப் போடுகிறேன். உண்மையைச் சொல்லி இவ்வளவு அவதிப்படுவேன் என்று தெரிந்திருந்தால் பழக்கமில்லாத அந்த வேலைக்கே போயிருக்க மாட்டேன்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். இறைவன் உனக்கு நீண்ட ஆயுளும் ஆயருக்குச் சீக்கிரம் முடிவெடுக்கும் மனசும் தரட்டும்.

அன்புடன்,
ஓரோன்ஸோ

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் மிங்குச்சோ வந்து தலையைச் சொறிந்தான். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போகும்போது மாதா தப்பாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தானாம். சிமெண்டு ஈரமாக இருக்கும்போதே மாடத்தைத் தூக்கி, சாலைப் பக்கம் சரியாகத் திருப்பி வைத்துவிட்டு, ஃபோர்க்லிஃப்ட்டைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனானாம். கேட்காமல் எடுத்ததற்கு நான் திட்டுவேன் என்று இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை. சாவி ஒன்றுதான். ஏழு மணிக்கெல்லாம் அந்தச் சிமெண்டு பாறையாகியிருக்கும். அவனை மூன்று தடவை சத்தியம் செய்யச் சொன்னேன், செய்தான்.

ஆயரிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். இந்தக் கடிதத்தை அடுப்பில் போட்டுவிடு. கிட்டங்கியின் பின்சுவரை இடிக்கச் சொல்லிவிட்டேன், செர்ரி மத்தியானம் அந்த வழியாகக் கிளம்பும். லாரி ஓட்டப்போகும் மிங்குச்சோவிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்: "மெல்லமாப் போடா. அவங்க பாத்துட்டு இருக்காங்க."