முப்பத்திரண்டு மனையும் ஒரு முட்டியும்

இந்த ஊருக்கு நான் என்னென்ன செய்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம் நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது (நான் அதை விடவில்லை, மாடு மேய்க்கக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்). அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு எங்கள் கீழத்தெருவில் முதல் சைக்கிள் வாங்கியவன் நான். முதல் கல்வீடு கட்டியவன் நான். முதல் மாவு மில் வைத்தவனும் நான்தான். மெயின் ரோட்டில் பஸ் நிற்காமல் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போன காலத்தில், மனு எடுத்துக்கொண்டு கும்பகோணத்துக்கும் தஞ்சாவூருக்கும் மாறி மாறி மிதித்தேன். இன்றைக்கு அங்கே பஸ் நிற்கிறதென்றால் அது என் மிதி. என் பெண்கள் இரண்டு பேரையும் டீச்சராக்கினேன். எல்லாம் இந்த இரண்டு கால்களை வைத்துக்கொண்டு.

அதில் வலது முட்டியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். உட்காருவதற்கே "ஐயோ அம்மா" என்று ஒரு தடவை சொல்ல வேண்டியிருந்தது. எழுந்திருக்க இரண்டு தடவை ஆகும். ஐம்பது வருஷமாக ஒரே இடத்தில் வலிக்கிற வலியைப் பற்றிப் புதிதாக என்ன சொல்ல? எனக்கே சலித்துவிட்டது. ஆனால் மற்றவர்கள் தப்புத் தப்பாகச் சொல்கிறார்கள். அதனால் நானே சொல்கிறேன்.

எனக்கு அப்போது சைக்கிள் பைத்தியம். பக்கத்துக் கடைக்குப் புகையிலை வாங்கக்கூட மிதித்துத்தான் போவேன். சைக்கிள் வாங்கிய அன்றைக்கு நான் செய்த முதல் வேலை, சீட்டை அடியோடு இறக்கியது. அதற்குக் காரணம் உண்டு. ஊருக்குள் நுழைய வேண்டுமானால் பண்ணையார் வீடு இருந்த பெரிய தெரு வழியாகத்தான் வரவேண்டும். கீழத்தெரு ஆட்கள் அந்தத் தெருவில் சைக்கிள் ஏறிப் போகக்கூடாது. இறங்கி, தோள் துண்டை இடுப்பில் கட்டி, தள்ளிக்கொண்டு போக வேண்டும். சட்டம் ஒன்றும் இல்லை. ஆனாலும் இறங்குவோம். பண்ணையார் தலை எங்கே தெரியும் என்று சொல்ல முடியாது. தெரிந்த நொடியில் இரண்டு காலும் தரையில் இருக்க வேண்டும். சீட்டு கீழே இருந்தால்தான் அது நடக்கும். எவ்வளவு புத்தியாக யோசித்தேன் என்று அப்போது எனக்கே பெருமை.

பிறகு ஆட்சி மாறியது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். விவசாயக் கூலிகளுக்குச் சங்கம் வந்தது, துண்டு இடுப்பிலிருந்து தோளுக்கு ஏறியது. ஒருநாள் நான் பெரிய தெருவில் இறங்காமலேயே போனேன், மணியும் அடித்துக்கொண்டு. (தெரு முனை திரும்பியதும் நிறுத்தி, வாய்க்காலில் ஒரு வாய் தண்ணீர் குடித்தேன். அது வேறு விஷயம்.) அதற்குப் பிறகு அந்தத் தெருவில் என் கால் தரையில் பட்டதில்லை. தெருவில் எல்லாரும் அதைப் பற்றிப் பேசினார்கள். நான் பேசியதைத்தான் அவர்களும் பேசினார்கள்.

முட்டி வலியும் ஏறக்குறைய அப்போதுதான் வந்தது. காலையில் மடக்கினால் நீளாது, நீட்டினால் மடங்காது. எருக்கிலை ஒத்தடம் வைத்தேன். முட்டை வெள்ளைக்கருவில் உளுந்து மாவு குழைத்துப் பத்துப் போட்டேன். நாகூர் தர்காவுக்கு வேண்டிக்கொண்டு, தகட்டில் முட்டி செய்து காணிக்கை போட அவ்வளவு தூரமும் சைக்கிளிலேயே போனேன். சைக்கிளிலேயே திரும்பினேன். போகும்போது ஒரு முட்டி வலித்தது. வரும்போது இரண்டும் வலித்தன. "நாகூர்க்காரரு என்ன பண்ணுவாரு? நீங்க ஒரு முட்டியைத்தானே குடுத்தீங்க" என்றாள் என் மனைவி பாக்கியம்.

இப்படி இருக்கையில்தான் மனைச் சட்டம் வந்தது. அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டுக் குடியிருக்கிறவனுக்கு அந்த மனை அவனுக்கே சொந்தம் என்று சர்க்கார் சொல்லிவிட்டது. கீழத்தெருவில் முப்பத்திரண்டு குடிசை. நிலம் முழுக்கப் பண்ணையாருடையது. அவர் எழுதிக் கொடுத்தார்: "இவர்கள் நடவுக்கும் அறுப்புக்கும் வந்துபோகிற கூலிகள். நிரந்தரக் குடி யாரும் இல்லை." அது எடுபட்டால் முப்பத்திரண்டு குடும்பமும் ஆற்றங்கரையில்தான் அடுப்பு மூட்ட வேண்டும்.

தாசில்தார் நேரில் விசாரிக்க வருகிறார் என்று தகவல் வந்தது. எங்கே வருகிறார்? பண்ணையார் வீட்டு வாசலுக்கு. (அந்தக் காலத்து விசாரணைக்கு அங்கேதான் நாற்காலியும் காபியும் உண்டு.) அன்றைக்கே அறிக்கை எழுதிவிட்டுப் போய்விடுவாராம். எங்கள் பெயரெல்லாம் இருக்கிற வாக்காளர் பட்டியலை மையால் நகல் எடுத்து, திருவையாற்றில் சங்கச் செயலாளர் வைத்திருந்தார். அதைக் கொண்டுவந்து காட்டினால் போதும். யார் போவது?

"நான் இருக்கேன்" என்றேன்.

"பஸ்ஸுல போயிட்டு வாங்க. முட்டி நேத்தியிலேருந்து வீங்கிக் கெடக்கு" என்றாள் பாக்கியம்.

"முப்பத்திரண்டு வீட்டுத் தலையெழுத்தை பஸ்ஸுல கொண்டாரச் சொல்றியா?"

"ஏன், தலையெழுத்து பஸ்ஸுல ஏறாதா?"

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பெரிய மனிதர்கள் பதில் சொல்லமாட்டார்கள் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

போகும்போது எப்படியோ போய்விட்டேன். பட்டியலை மஞ்சள் பையில் போட்டு ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு திரும்பினேன். ஆற்றுப்பாலம் ஏறும்போது முட்டிக்குள்ளே யாரோ மரவட்டை விட்டது மாதிரி ஊர்ந்தது. பாலம் இறங்கும்போது முட்டிக்குள் ஆணி அடித்தார்கள். பெரிய தெரு முனையில் எங்கள் ஜனம் நாற்பது பேர் நின்றிருந்தார்கள். பாக்கியம் முன்னால் நின்றாள். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

"எறங்கிடுங்க! எறங்கித் தள்ளிக்கிட்டு வாங்க!"

இறங்குவதா? அந்தத் தெருவிலா? தாசில்தார் பார்க்க, பண்ணையார் பார்க்க? மணியை அடித்தேன், மூன்று தரம்.

பண்ணையார் வாசலுக்கு நேரே வரும்போது வலது முட்டி பூட்டிக்கொண்டது. சாவி தொலைந்த பூட்டு மாதிரி. பெடல் மேலே நின்றுவிட்டது. சைக்கிள் ஆடியது. இந்த இடத்தில் நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சீட்டு தரையோடு தரையாக இருந்தது. இடது காலை லேசாக நீட்டியிருந்தால் போதும், ஒரு கீறல் இல்லாமல் நின்றிருக்கலாம். ஆனால் கால் ஊன்றினால் இறங்கியதாக ஆகிவிடுமே! ஊன்றமாட்டேன் என்றேன். சைக்கிள் சாய்ந்தது. ஊன்றவே மாட்டேன் என்றேன். முழுதும் சாய்ந்தது.

ஒரு காலை ஊன்ற மறுத்தவன், உடம்பு முழுவதையும் ஊன்றினேன். குப்புற, நீளவாக்கில், இரண்டு கையும் முன்னால் நீட்டியபடி. கண் திறந்து பார்த்தால் மூக்குக்கு ஒரு சாண் தள்ளிப் பண்ணையாரின் செருப்பு.

மஞ்சள் பை சாக்கடையில் மிதந்துகொண்டிருந்தது. எடுத்துப் பிரித்தவன் கையில் நீல மைதான் வழிந்தது. முப்பத்திரண்டு வீட்டுப் பெயரும் ஒரே நீலம்.

பண்ணையார் நெகிழ்ந்துபோய்விட்டார். "எழுந்திரு கலியபெருமாளு, எழுந்திரு. என்ன இது, இந்தக் காலத்துல போயி கால்ல எல்லாம் விழுந்துக்கிட்டு!"

காரியஸ்தர், அதாவது பண்ணையின் கணக்கு வழக்கெல்லாம் பார்க்கிறவர், சும்மா இருப்பாரா? "பாத்தீங்களா சார், சமாதானத்துக்கு வந்துட்டாங்க. இவன்தான் அந்தத் தெருவுக்குப் பெரிய ஆளு. இவனே விழுந்துட்டான். மனுவை வாபஸ்னு எழுதிக்கலாம்."

"கும்பிடல!" என்று நான் கத்தினேன். மண்ணுக்குள் முகம் இருந்ததால் அது "கும்பிடறேன்" மாதிரி கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். எழுந்திருக்கப் பார்த்தேன். முட்டி அசையவில்லை. மறுபடி விழுந்தேன். இரண்டாவது கும்பிடு.

எங்கள் ஜனம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பின்னால் ஒரு கிழவர், "கலியன் வித்துட்டான்டா நம்மள" என்று சொன்னது என் காதில் விழுந்தது. இன்றைக்கும் அந்த வார்த்தை முட்டியைவிட அதிகமாக வலிக்கிறது. தாசில்தார் பேனா மூடியைத் திருகித் திறந்தார்.

அப்போதுதான் பாக்கியம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "அவரு கால்ல விழல சார். முட்டி பூட்டிக்கிச்சு."

தாசில்தார் பேனாவை நிறுத்தினார். "கால் ஒடைஞ்சிருக்கா? உங்க வாசல்லயே விழுந்திருக்காரே ஐயா, ஆஸ்பத்திரிக்கு அனுப்பணுமா?" என்று பண்ணையாரைக் கேட்டார்.

வாசலில் ஆள் அடிபட்டான் என்று எழுதிவிடப் போகிறாரே என்று பண்ணையாருக்குப் பதற்றம். "ஒண்ணும் ஒடையல சார்! இது பழைய முட்டி. எனக்குத் தெரியாதா? பத்து வருஷமா இதே முட்டி, இதே நொண்டல்தான்."

பாக்கியம் தலையைக் குனிந்துகொண்டாள். குரல் தேனாகிவிட்டது. (அந்தக் குரலில் என்னிடம் அவள் ஒருநாளும் பேசியதில்லை.) "ஐயாவுக்குத் தெரியாதா? வருஷா வருஷம் ஐயா வீட்டு சிங்கப்பூர் தைலம்தானே இவரு முட்டிக்கு."

"பின்ன? ஒவ்வொரு பொங்கலுக்கும் இவன் வீட்டுக்கே நம்ம வண்டிக்காரன் கொண்டுபோய்க் குடுப்பான் சார். நாங்க அப்படியெல்லாம் பாக்குறவங்க."

"பக்கத்து வீட்டு அஞ்சலைக்கு ரெண்டு பிரசவத்துக்கும் நெல்லு அனுப்புனீங்க."

"அனுப்புனேன்."

"கோடி வீட்டு மாரிமுத்து பொறந்தப்பவும், அவன் மவன் பொறந்தப்பவும்..."

"ரெண்டு தலைமுறைக்கும் வேட்டி எடுத்துக் குடுத்தது நான்தானே!"

காரியஸ்தர் தொண்டையைச் செருமினார். மறுபடி செருமினார். பண்ணையார் காதில் ஏறவில்லை. தான் செய்த தர்மத்தை ஒரு பெரிய அதிகாரி எதிரில் ஒருத்தி வரிசையாகச் சொல்லும்போது எந்த மனிதன் நிறுத்துவான்? (நானாக இருந்தாலும் நிறுத்தியிருக்கமாட்டேன்.) அப்படி ஒன்பது வீடு தாண்டியது. ஒவ்வொரு வீட்டுக்கும் அவரே தேதிவாரியாகச் சாட்சி சொன்னார்.

தாசில்தார் காபியைக் கீழே வைத்தார். "ஐயா, நடவுக்கு வந்துபோற கூலிங்கன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. ரெண்டு தலைமுறையா இங்கேயே பொறந்திருக்காங்களே?"

என் சைக்கிளின் பின் சக்கரம் மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருந்ததாக எனக்கு ஞாபகம். பண்ணையார் என்னைப் பார்த்தார். பாக்கியத்தைப் பார்த்தார். என் முட்டியைப் பார்த்தார். பிறகு எழுந்து உள்ளே போய்விட்டார்.

முப்பத்திரண்டு மனைக்கும் பட்டா வந்தது.

என்னை நாலு பேர் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். அன்றைக்கு அந்தத் தெருவில் நான் இறங்கவில்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வளைந்த ஹேண்டில்பாரை நிமிர்த்தத் திருவையாற்று ரிப்பேர்க் கடைக்கு ஒரு வாரம் கழித்துப் போனேன் (பஸ்ஸில்தான், சைக்கிளை மேலே ஏற்றிக்கொண்டு). கடைக்காரர் சைக்கிளை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"ஏங்க, சீட்டை ஏன் இப்படிப் பாதாளத்துல வச்சிருக்கீங்க? மிதிக்கையில முட்டி நெஞ்சுக்கு வருமே. வலிக்கல?"

குனிந்து சீட்டைப் பார்த்தேன். இறங்குவதை நிறுத்தி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. துண்டை மேலே ஏற்றினேன், குரலை ஏற்றினேன். சீட்டை ஏற்ற மட்டும் மறந்துபோயிருந்தேன். பண்ணையாரைப் பார்த்ததும் குதிப்பதற்கென்று இறக்கிய சீட்டில் உட்கார்ந்துதான் பண்ணையாருக்கு எதிராக ஊர் ஊராக மிதித்திருக்கிறேன். அவர் நாலு விரற்கடை ஏற்றி முடுக்கினார். வலி பாதி குறைந்தது. மீதிப் பாதி என்னோடு ஐம்பது வருஷம் குடியிருந்துவிட்டது. அதற்கும் பட்டா கொடுத்துவிடலாம்.

இப்போது டாக்டர் சைக்கிளே கூடாது என்கிறார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்து மிதிக்கிறேன். மெதுவாகத்தான், கடைத்தெரு வரைக்கும்.

வீட்டில் யார் என்ன வாங்கிக்கொண்டு வந்தாலும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். சின்ன மகளுக்கு வேலைக்கு உத்தரவு வந்த அன்று பெரியவள் கேட்டாள்: "நேரா வாங்கினியா, அப்பா மாதிரி விழுந்து வாங்கினியா?" மாப்பிள்ளைகூடக் கேட்கிறார். பாக்கியம் ஒரு படி மேலே. "இவரு விழுந்தாரு, நான் வாங்கினேன்" என்பாள்.

அவள் பேசியதை நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள். நான் பஸ்ஸில் வந்து, அந்தக் காகிதத்தைப் பத்திரமாக நீட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதில் பண்ணை வக்கீல் ஒரே வாரத்தில் ஓட்டை போட்டிருப்பார். என் முட்டியில் யாராலும் ஓட்டை போட முடியவில்லை.

எங்கள் தெரு முனையில் ஒரு கல் நட்டிருக்கிறார்கள். அதில் அமைச்சர் பெயர் இருக்கிறது, தாசில்தார் பெயர் இருக்கிறது, பட்டியலைப் பையில் போட்டுக் கொடுத்ததோடு வேலை முடிந்த சங்கச் செயலாளர் பெயரும் இருக்கிறது. அடியில் கொஞ்சம் இடம் காலியாகத்தான் கிடக்கிறது. நான் போய் அளந்து பார்த்தேன், குனிவதற்கு எவ்வளவு கஷ்டப்பட்டேன் என்று எனக்குத்தான் தெரியும். ஒரு வரி தாராளமாகப் பிடிக்கும். கீழத்தெரு கலியபெருமாள் என்று போடுங்கள். பாக்கியத்தின் பெயரையும் சேர்க்க வேண்டும் என்றால் சேர்த்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

என் பெயருக்குக் கீழே.