வெள்ளவத்தையில் ஒல்லாந்துப் பாடம்

“மொயெட்டன், மோகன், குன்னன், வில்லன்…”

கதிர்காமநாதன் முகம் வழித்தபடி முணுமுணுக்க, மனைவி பாக்கியலெட்சுமியின் கையிலிருந்த தேத்தண்ணி தளும்பியது.

“ஆரப்பா இவங்கள்? ஏதும் சண்டையோ?”

“ஒல்லாந்துச் சொல்லப்பா! வேணும், செய்யலாம், முடியும், விருப்பம். மெல்லக் கதையும். ஸ்ரனிஸ்லாஸுக்குத் தெரிஞ்சால் போச்சு.”

கொட்டாஞ்சேனை ஸ்ரனிஸ்லாஸுக்குக் கப்பல் கந்தோரில் கதிர்காமநாதனுக்கு அடுத்த மேசை. ஒல்லாந்திலிருந்து புதுத் துரை வருகிறார். அவருடைய மொழியில் பேசத் தெரிந்தவருக்கே தலைமை இலிகிதர் பதவி. இருவருக்கும் அதில்தான் கண்.

கதிர்காமநாதன் அதிகம் யோசிக்கவில்லை. ஒழுங்கை முனையில் குடியிருந்த, ஐரோப்பிய வழிவந்த பறங்கியர் றேமண்டின் குடும்பப் பெயர் அசல் ஒல்லாந்துப் பெயர். பெயரிலேயே ஒல்லாந்து இருக்கிறவருக்கு மொழி தெரியாமல் இருக்குமா?

ஆனால் றேமண்ட் உடனே பதில் சொல்வதில்லை.

“மாஸ்டர், ‘நான் கடிதம் எழுதவேணும்’ எண்டதில, ‘எழுத’ ஏன் வசனத்தின்ர கடைசிக்குப் போகுது?”

“துண்டில எழுதி வைச்சிட்டுப் போம். நாளைக்குச் சொல்லுறன்.”

மறுநாள் கடதாசியில் பதில் தயாராயிருக்கும், உதாரணங்களோடு. ‘வேண்டும்’ முன்னால் வந்தால் மற்ற வினை கடைசிக்குப் போய்விடுமாம். ‘கண்டிக்குப் போகவேண்டும்’ என்பதை ‘போக’ இல்லாமலே சொல்லலாமாம். ‘போகத் தேவையில்லை’ என்பதற்கு வேறு சொல்லாம். கதிர்காமநாதன் எல்லாவற்றையும் ஒருமுறையும் காதால் கேளாமல் கண்ணால் பாடமாக்கினார்.

ஒருநாள் ஸ்ரனிஸ்லாஸின் மேசையில் ஒல்லாந்து அகராதி ஒன்று கிடந்தது. பதறிப்போன கதிர்காமநாதன் அன்றைக்கே பத்துக் கேள்வி எழுதினார். அடுத்த வாரம் அங்கே இலக்கணப் புத்தகமும் சேர்ந்தது. இருபது எழுதினார். ஸ்ரனிஸ்லாஸ் வாய்க்குள் ஏதோ முணுமுணுக்கத் தொடங்கினார். ஐம்பது எழுதினார்.

துரை வந்து இருவரையும் அழைத்தார். கடதாசியில் கண்டபடியே எழுத்தெழுத்தாகக் கதிர்காமநாதன் ஒப்புவித்தார். துரை திகைத்துப்போய், “மன்னிக்கவும், எனக்குத் தமிழ் விளங்காது” என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

பிறகு ஸ்ரனிஸ்லாஸ் உள்ளே போனார். துரை வாய்விட்டுச் சிரித்தது வெளியே கேட்டது. பத்து நிமிடத்தில் பதவி அவருக்கே என்று முடிவாயிற்று.

இடிவிழுந்தவர்போல கதிர்காமநாதன் நேரே றேமண்ட் வீட்டுக்கு நடந்தார். மாஸ்டர் இல்லை. சமையல்கார நாகமணி வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

“உம்மட மாஸ்டர் ஒல்லாந்து படிச்சது ஆரிட்ட?”

“அவருக்கு எங்க ஐயா ஒல்லாந்து? பேர் மட்டுந்தானே!”

“அப்ப என்ர கேள்விக்கெல்லாம் ஆர் பதில் எழுதினது?”

“மாஸ்டரின்ர கூட்டாளி, கொட்டாஞ்சேனை ஸ்ரனிஸ்லாஸ் ஐயா. அவருக்கும் முதல்ல ஒரு சொல்லும் தெரியாது. நான் உங்கட துண்டைக் கொண்டுபோய்க் குடுக்கக் குடுக்க, ஒல்லாந்துப் பாதிரியாரிட்ட ஓடி ஓடிக் கேட்டுத்தான் அந்த மனுசன் முழுப் பாசையையும் படிச்சு முடிச்சது!”