உங்கள் எக்காளமும் என் வெள்ளிக்கிழமை இட்லியும்

கும்மிடிப்பூண்டி
17-8-1977

'விழிப்பு மணி' மாத இதழின் ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, ஆறு வருடச் சந்தாதாரரும் சபைச் செயலாளருமான ம. தாவீது ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது:

தாங்கள் சுகமாக இருப்பீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, தொடர்கதை போட்டே ஊரிலுள்ள குடும்பங்களைக் கலைக்கிறவர்களுக்குச் சுகத்துக்கு என்ன குறைச்சல்? நான் சுகமாக இல்லை. என் மனைவி சாராள் என்னோடு பேசி இன்றோடு ஐந்து நாள் ஆகிறது. இருபத்தேழு வருட சம்சாரத்தில் இப்படி நடந்ததில்லை. இதற்கு முழுப் பொறுப்பு உங்கள் பத்திரிகையில் பதினேழு மாதமாக வந்துகொண்டிருக்கும் 'எழும்பூரில் எக்காளம்' என்ற கதையும், அதை எழுதுகிற பெத்தேல்பிரியன் என்ற புனைபெயர்க்காரரும்தான் என்பதைப் பணிவோடும் வயிற்றெரிச்சலோடும் தெரிவித்துக்கொள்கிறேன்.

கர்த்தர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து தம்முடையவர்களைக் கண் இமைக்கும் நேரத்தில் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார், அவர்கள் கட்டியிருந்த துணி நின்ற இடத்திலேயே குவியலாகக் கிடக்கிறது, மற்றவர்கள் பூமியில் விடப்பட்டு அல்லாடுகிறார்கள் என்பதுதானே கதை? வேதத்தில் உள்ள விஷயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் எழுதுகிறவருக்குக் கொஞ்சமாவது விவரம் வேண்டாமா? நான் இங்கே ஒரு பேக்டரியில் டைம்கீப்பர். ஒன்பதாம் அத்தியாயத்தில் ஒரு மில்லில் ஷிப்ட் நடந்துகொண்டிருக்கும்போதே இருநூறு பேர் காணாமல் போகிறார்கள். சரி, போகட்டும். அவர்கள் கார்டில் வெளியே போன நேரம் அடித்ததா இல்லையா? மறுநாள் அவர்களுக்கு ஆப்சென்ட் போடுவதா, லீவ் போடுவதா? அந்த டைம் ஆபீசில் உட்கார்ந்திருப்பவன் மேனேஜருக்கு என்ன பதில் சொல்லுவான்? இதைப் பற்றி ஒரு வரி இல்லை. அப்புறம், எடுத்துக்கொள்ளப்படுகிற எல்லாரும் எழும்பூர், புரசைவாக்கம், வேப்பேரி என்றே இருக்கிறார்கள். பதினேழு மாதத்தில் கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒரே ஒரு ஆத்துமாகூட ஏறவில்லை. இன்னா சார், எங்க ஊர் மேலே வானம் கிடையாதா?

எங்கள் தெருவில் சபைக் குடும்பம் பதினொன்று. உங்கள் பத்திரிகை வருவது எனக்கு மட்டும். இதழ் வந்ததற்கு அடுத்த சாயங்காலம் எல்லாரும் என் வாசலில் கூடுவார்கள், நான் சத்தமாகப் படிப்பேன். அடுத்த வீட்டு யேசுதாஸ் என்கிற குடிகாரனுக்கு உங்கள் கதை ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் நாலாம் அத்தியாயத்தில் ஒரு குடிகாரனைக் கடைசி நிமிஷத்தில் ஏற்றிவிட்டீர்கள். அன்றிலிருந்து அவன் கடைசி நிமிஷத்துக்காகக் காத்திருக்கிறான், அதுவரைக்கும் குடிக்கிறான். எதிர்வீட்டுக் குப்பாயி இந்து. அவளும் அவள் புருஷன் துலுக்காணமும் எங்கள் பேக்டரி கேட்டில் இட்லிக்கடை வைத்திருக்கிறார்கள். அவள் வேலியோரம் நின்று கேட்பாள். போன மாதம் கேட்டு முடித்துவிட்டு என்னிடம் வந்து, "ஏன் அண்ணே, இத்தினி வருசம் எதிரும் புதிருமா குந்திக்கினு இருந்துட்டு, போசொல்ல எங்களாண்ட ஒரு வார்த்த சொல்லாமயா போய்டுவீங்க?" என்றாள். இதற்கு நான் என்ன பதில் சொல்வது? பெத்தேல்பிரியனைக் கேட்டுச் சொல்லவும்.

சாராள் மட்டும் ஒன்றும் கேட்க மாட்டாள், அழுவாள். முக்கியமாகப் பன்னிரண்டாம் அத்தியாயம். அதில் ஒரு மனைவி எடுத்துக்கொள்ளப்படுகிறாள், வெளியில் பக்திமானாக நடித்த புருஷன் அவளுடைய குடையைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நிற்கிறான். அதைப் படித்த அன்றைக்கு அவள் சாப்பிடவே இல்லை. பாஸ்டர் பிரசங்கத்தில் சொன்னால் அவளுக்குத் தூக்கம் வரும். உங்கள் கதையில் வந்துவிட்டால் அது கல்லில் வெட்டின மாதிரி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்டு பன்னிரண்டாம் தேதி, வெள்ளிக்கிழமை. சபை மூப்பர்களாகிய நாங்கள் வெள்ளிக்கிழமைகளில் சாயங்காலம் வரை உபவாசம் இருக்க வேண்டும் என்று மூன்று வருஷத்துக்கு முன்பு தீர்மானம் போட்டவனே நான்தான். (இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.) காலை ஷிப்ட் முடிந்து இரண்டரை மணிக்கு வீட்டுக்கு வந்தேன். மகளை வேப்பம்பட்டில் கட்டிக் கொடுத்தாச்சு, வீட்டில் நானும் சாராளும் இரண்டே பேர். தெருவில் சத்தமே இல்லை. கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே போனால் அம்மிக்குப் பக்கத்தில் அவள் காலையில் கட்டியிருந்த நீலப் புடவை குவியலாகக் கிடக்கிறது. அடுப்பில் நெருப்பு இருக்கிறது, கருவாட்டுக் குழம்பு சுண்டிப்போய்க் கிடக்கிறது. செருப்பு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே, அந்தப் புடவைக் குவியல் மேலே, அவள் மூக்குக்கண்ணாடி. சார், அந்தக் கண்ணாடி இல்லாமல் அவளால் அரிசியில் கல் பொறுக்க முடியாது. கண்ணாடியைப் போடாமல் அவள் வாசப்படியைத் தாண்டினதே இல்லை. கண்ணாடி வேண்டாத இடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அது எந்த இடம் என்று உங்களுக்கே தெரியும்.

நான் பயப்படவில்லை. விசாரிக்கத்தான் சபைக்காரர் வீடுகளுக்கு ஓடினேன். ஜோசப் ஊட்டுல யாரும் இல்ல. ஆரோக்கியமேரி ஊட்டுல யாரும் இல்ல, தொட்டில் மட்டும் தொங்குது. ஒம்போது ஊட்டையும் பார்த்தாச்சு, கடைசியா யேசுதாஸ் ஊட்டுக்கு நம்பிக்கையோட போனேன். அவன் இருப்பான், அவனுக்கு வேற போக்கிடம் ஏது? சார், அவனும் இல்ல! பாதி பீடி வாசல்ல கெடக்குது, ஆளைக் காணோம். அவன் நாயைக் கூப்பிட்டேன். நாயும் இல்ல! அப்ப எனக்கு வந்த ஆத்திரம் இருக்குதே, அத எழுத முடியாது. ஞாயித்துக்கிழமை தவறாம காணிக்கைத் தட்டு தூக்கினவன் நான். கோயிலுக்குச் சுண்ணாம்பு அடிச்சவன் நான். யேசுதாஸை எடுத்துக்கினு என்னை உடறதுன்னா கூட ஏதோ கிருபைன்னு வெச்சிக்கலாம். யேசுதாஸ் நாயை எடுத்துக்கினு என்னை உட்டா அது இன்னா சார் நியாயம்?

ஊட்டுக்குத் திரும்பி வந்தா நாற்காலி மேலே உங்க புது இதழ் கெடக்குது, அன்னிக்குத்தான் தபால்ல வந்திருக்குது. எல்லாம் உன்னாலதான்னு அதத் தூக்கிக் கெணத்துல வீசினேன். அப்பத்தான் துலுக்காணமும் குப்பாயியும் கடையைக் கட்டிட்டு, இட்லிக் குண்டானைத் தலையில வெச்சிக்கினு வர்றாங்க. அவங்க ரெண்டு பேரையும் பார்த்ததும் எனக்கு நிச்சயமாப் போச்சு. இந்துக்கள் மட்டும் மிச்சம்! நான் அப்படியே அவங்க வாசல்ல குந்திட்டேன். "குப்பாயி, உன் இட்லிதாம்மா என்னைக் கெடுத்துச்சு"ன்னேன். "இன்னா அண்ணே, வவுத்தக் கலக்குதா? காலையில ஊத்துனதுதானே"ன்னு அவ பயந்துட்டா.

இனி மறைப்பானேன். மேலே பிறகு சொல்கிறேன் என்று எழுதியது இதுதான். எனக்கு வெறும் வயிறு தாங்காது. அந்தத் தீர்மானம் போட்ட நாளிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் குப்பாயி கடையில் காலை நாஷ்டாவை முடித்துக்கொண்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, உபவாச முகத்தோடுதான் வீட்டுக்குப் போவேன். இதை வேறு யாரும் மிச்சமில்லாத காரணத்தால் அன்றைக்கு அந்த இரண்டு பேரிடமும் ஒப்புக்கொண்டேன். சாராள் போய்விட்டதையும் சொன்னேன். குப்பாயி குண்டானைக் கீழே வைத்துவிட்டு, "சாராக்கா என்னாண்ட சொல்லாமயே பூட்சா"ன்னு வாய்விட்டு அழுதாள். துலுக்காணம் மட்டும் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்துவிட்டு, "போனவங்க போய்ட்டாங்க அண்ணாத்தே, நீ தனியா இன்னா பண்ணுவ, இனிமே நம்மூட்லயே துண்ணுக்கோ"ன்னான். ஆசிரியர் ஐயா, விடப்பட்டவர்கள் ஒருவரையொருவர் அடித்துத் தின்பார்கள் என்று பெத்தேல்பிரியன் பதின்மூன்றாம் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறார். எனக்குச் சுக்குக் காப்பி கொடுத்தார்கள்.

ஆறு மணிக்குச் சவுக்குக்கட்டை லாரி ஒன்று வந்து நின்றது. முதலில் குதித்தது யேசுதாஸின் நாய். அப்புறம் யேசுதாஸ். அப்புறம் மொத்த சபையும். பாஸ்டருடைய தாயார் செவ்வாப்பேட்டையில் இறந்துவிட்டார்களாம், லாரிக்காரன் ஹாரன் மேல் ஹாரன் அடிக்க, எல்லாரும் போட்டது போட்டபடி அடக்கத்துக்குப் போயிருக்கிறார்கள். கடைசியாக, அடக்கத்துக்கென்று வெள்ளைப் புடவை மாற்றின அவசரத்தில் கண்ணாடியை விட்டுப்போன சாராள், வழி தெரியாமல் தடவித் தடவி இறங்குகிறாள். நான் ஓடிப்போய் நடுத்தெருவில் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "இன்னாங்க இது, என் கண்ணாடிய நீங்க போட்டுக்கினு கீறீங்க?" என்றாள். பத்திரமாக இருக்கட்டும் என்று நான்தான் போட்டிருந்தேன், எனக்கே ஞாபகம் இல்லை. தெருவே சிரித்தது, நானும் சிரித்தேன். அத்தோடு முடிந்திருக்கலாம்.

குப்பாயி நல்ல மனசுக்காரி. நல்ல மனசுக்காரிங்களாலதான் சார் பேஜாரு. கண்ணத் தொடச்சிக்கினு சாராள்கிட்ட ஓடி வந்து, "அக்கா, அண்ணன் உன்ன நெனச்சி எப்டி அழுதுச்சி தெரியுமா, வெள்ளிக்கெழம இட்லி துண்றதாலதான் தன்ன உட்டுட்டாங்கன்னு"ன்னு போட்டு ஒடச்சிட்டா. சாராள் நிதானமா கண்ணாடிய வாங்கிப் போட்டுக்கினா. "எத்தினி இட்லி?"ன்னா. "நாலு அக்கா. கெட்டிச் சட்னி தனியா." "எத்தினி வருசமா?" "கடை தொறந்ததுலருந்து, மூணு வருசமா."

அவள் உங்கள் இதழ் எங்கே என்று கேட்டாள், கிணற்றில் வீசினதைச் சொன்னேன். பாதாளக் கரண்டி போட்டுக் கிணற்றிலிருந்து உங்கள் பத்திரிகையை எடுக்கச் சொன்னாள். வீட்டுக்கு வந்ததும் காப்பிகூடக் கேட்காமல் நான் முதலில் அதைத்தான் பிரிப்பேன் என்று, அதற்குள்ளேதான் எனக்குச் சீட்டு எழுதி வைத்திருந்தாளாம். பென்சில் எழுத்து, அழியவில்லை. அடக்கத்துக்குப் போகிறோம் என்று எழுதி, கீழே, 'பசியோடு வந்திருப்பீர்கள். குழம்பு அடுப்பில் இருக்கிறது. உபவாசம் முடிந்ததும் எனக்காகக் காத்திருக்காமல் சாப்பிடுங்கள். நான் வந்து சாப்பிடுகிறேன்' என்று இருந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது, அவளும் சாப்பிடவில்லை. அன்றைக்கு மட்டும் இல்லை சார், மூன்று வருஷமாக ஒரு வெள்ளிக்கிழமைகூடச் சாப்பிட்டதில்லை. அவள் மூப்பர் இல்லை, அவளை யாரும் இருக்கச் சொல்லவில்லை. "நீங்க பசியோட வேல செய்யசொல்ல எனக்கு மட்டும் எப்டி எறங்கும்னு இருந்தேன்" என்றாள். அப்புறம், "அந்தப் பன்னண்டாம் அத்தியாயம் சரியாத்தான் எழுதிக்கீறாரு" என்றாள். அவள் என்னோடு பேசிய கடைசி வார்த்தை அதுதான். அதற்குப் பிறகு தட்டு வருகிறது, தண்ணீர் வருகிறது, வார்த்தை வரவில்லை. நான் தப்பு பண்ணினவன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் குடைக்காரனும் நானும் ஒன்று என்று அவள் நினைப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

ஆகவே நான் கேட்டுக்கொள்வது ஒன்றே. பதினெட்டாம் அத்தியாயத்தில் அந்தக் குடை பிடித்த புருஷனையும் மேலே ஏற்றிவிடுங்கள். உபவாச நாளில் ஒளிந்து சாப்பிட்டவன், ஆனால் பெண்டாட்டி மேல் உசுரையே வைத்திருக்கிறவன் என்று இரண்டு வரி சேர்த்தால் போதும். நான் சொன்னால் அவள் நம்ப மாட்டாள், நீங்கள் அச்சில் போட்டால் நம்புவாள். முடியாது என்றால் என் சந்தாவை இத்தோடு ரத்து செய்யவும். நான் இந்தக் கதையில் ஒரு வரியைக்கூட என்றைக்கும் நம்பினவன் அல்ல என்பதையும் பதிவு செய்துகொள்ளவும்.

தங்களுக்கும், தங்கள் இல்லத்தாருக்கும், அச்சுக் கோர்ப்பவருக்கும், தபால் கட்டுகிறவருக்கும், பெத்தேல்பிரியன் நீங்கலாக அலுவலகத்தார் யாவருக்கும் சகல நன்மைகளும் உண்டாவதாக.

மிகுந்த மனவருத்தத்தோடு,
ம. தாவீது

பின்குறிப்பு (18-8-1977, வியாழன் காலை): ஒட்டின கவரைப் பிரித்து இதை எழுதுகிறேன். கதையில் ஒன்றையும் மாற்ற வேண்டாம். அந்த ஆளைத் தெருவிலேயே நிற்க வையுங்கள், தண்டனை சரிதான். சந்தாவையும் ரத்து செய்ய வேண்டாம். கடைசியில் நம்பவில்லை என்று எழுதினது பொய். வெள்ளிக்கிழமையிலிருந்து சாராள் தூங்கின பிறகு அவள் முந்தானை நுனியை என் வேட்டி நுனியோடு முடிச்சுப் போட்டுக்கொண்டுதான் படுக்கிறேன். அவளை எடுத்தால் இழுத்த இழுப்பில் நானும் கூடவே போய்விடலாம் என்றுதான். எங்கள் சபைக் கல்யாணத்தில் இந்த முடிச்சு கிடையாது, துலுக்காணம் மகள் கல்யாணத்தில் பார்த்துக் கற்றுக்கொண்டது. அவள் விழிப்பதற்கு முன்னால் நானே அவிழ்த்துவிடுவேன், அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு ஷிப்டுக்குக் கிளம்ப எழுந்து அவிழ்க்கப் பார்த்தால் முடிச்சு இரண்டு இருக்கிறது. சார், நான் போட்டது ஒன்றுதான்.