வாழைமரம் கட்டாத பந்தல்

குடிபாலா,
செவ்வாய்க்கிழமை, அக்கினி வெயில்.

திருப்பதியில் இருக்கும் அக்கா மனோரமாவுக்கு, தங்கை ரத்னம்மா உயிரோடு இருந்து எழுதிக்கொள்வது. நான் நலம். அதை நீ நம்ப வேண்டும். உன் வீட்டுக்கார மாமா எனக்குப் போடக் கொண்டுவந்த மாலை இங்கேதான் இருக்கிறது.

போன் வாளித் தண்ணீரில் விழுந்துவிட்டது, அதனால்தான் கடிதம். என் வீட்டுக்காரர் போய் மூன்று மாதம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் கடைசியாக என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, "மல்லிச் செடியக் காயவுட்டுடாதே" என்றுதான் சொன்னார். அந்த ஒரு தொட்டிக்காகத்தான் இவ்வளவும். இந்த வெயிலில் ரோஜா கருகிப் போச்சு, செம்பருத்தி தலையைத் தொங்கப் போட்டுவிட்டது. நீ போனில் "நிழல் கட்டுடி, அடியில தேங்கா நார் போடு" என்றாய். நிழலுக்கு நான் எங்கே போவேன்? ஷாமியானா வாடகைக்கு விடும் சலீமைக் கேட்டேன். என் வீட்டுக்காரர் சாவுக்கும் அவன்தான் பந்தல் போட்டான். சாயங்காலம் வாசலில் கட்டி, ஐம்பது நாற்காலியும் இறக்கினான். "செடி நாற்காலில உக்காருமா சலீம்?" என்றேன். "செட்டுன்னா செட்டுதாம்மா" என்றான்.

காலையில் குடத்தோடு கதவைத் திறக்கிறேன், நாற்காலியெல்லாம் ஆட்கள்! பிச்சாட்டூர் சித்தப்பா என்னைப் பார்த்ததும் மாலையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

"ஏம்மா, நீ இங்க இன்னா பண்ணிக்கினு கீறே?"

"செடிக்குத் தண்ணி ஊத்த வந்தேன் சித்தப்பா."

"அப்போ செத்தது யாரு?"

வீட்டில் இருப்பது நான் ஒருத்திதானே? கையைக் கிள்ளிப் பார்த்தேன். வாழைமரம் கட்டாத பந்தலைப் பஸ்ஸில் போன யாரோ பார்த்திருக்கிறார்கள், சாவுப் பந்தல்தான் என்று முடிவுகட்டி என் போனுக்கு அடித்திருக்கிறார்கள், அது வாளியில் செத்துப் போனது, எடுக்கவில்லை என்றதும் நானே போய்விட்டேன் என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டார்கள், அவ்வளவுதான். மாமா எட்டு மணிக்கு வந்து அழுதார். நான் கையில் காப்பி கொடுத்த பிறகும் நிறுத்தவில்லை.

இனி யாரும் அழ வேண்டாம் என்று மறுநாள் இரண்டு வாழைமரம் கட்டினேன். ஊரே வந்து "மாப்ள யாரு? மூணு மாசம் பொறுக்கலியா?" என்கிறது. அதையும் பிடுங்கிப் போட்டேன்.

எனக்கு வந்த மாலைகளைத் தொட்டி மண்மேல் பரப்பி நனைத்துவைத்தேன், நல்ல குளிர்ச்சி. செம்பருத்தி நிமிர்ந்துவிட்டது. ஆனால் அக்கா, அந்தக் கூட்டத்தில் மல்லித் தொட்டி காணாமல் போய்விட்டது. எட்டு நாளாகத் தேடுகிறேன். மாமா திரும்பிப் போன ஆட்டோவில் ஏதாவது ஏற்றினாரா, கோபப்படாமல் கேட்டுச் சொல். என் வீட்டுக்காரர் கேட்டது அது ஒன்றுதான். அதைக்கூடக் காப்பாற்றாதவள் ஆனேன்.

பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். என் காரியத்துக்காக லீவு போட்ட மாமாவுக்கு நமஸ்காரம்.

இப்படிக்கு,
ரத்னம்மா

பி.கு.: கடிதத்தை மடித்துவிட்டேன், அப்போது பக்கத்து வீட்டு லட்சுமம்மா வந்தாள். அன்றைக்கே சூளூர்பேட்டைக்கு மகள் வீட்டுக்குப் போனவள். "உன்ன கெடத்த எடம் வேணுமேன்னு அந்தத் தொட்டியத் தூக்கி எங்க ஊட்டுப் பின்னாடி வெச்சேன்டி, மறந்தே பூட்டேன்" என்றாள். ஓடினேன். ஒழுகும் குழாயடியில், துளி நிழல் இல்லாத வெட்டவெளியில் நிற்கிறது. கிளைக்குக் கிளை மொட்டு! "மல்லிக்கு வெயில் வேணும்டி, உன் ஊட்டுக்காரரு சொல்லலியா?" என்கிறாள். சொல்லியிருப்பார், நான் காதில் வாங்கியிருக்க மாட்டேன். மாமாவிடம் ஒன்றும் கேட்காதே. பந்தலைப் பிரிக்கச் சொல்லிவிட்டேன். ரோஜாவுக்கு நிழல் கட்ட என் வீட்டுக்காரர் வேட்டி போதும். மொட்டை இன்னும் பறிக்கவில்லை. பறித்தால் கை தானாக என் தலைக்குப் போய்விடும். நீ வா, உன் தலையில் வைத்துப் பார்க்கிறேன்.