ஆஞ்சநேயர் தூக்கிப்போன மாவிளக்கு

திருப்பதி,
4-5-1960, புதன்கிழமை.

மிகுந்த மரியாதைக்குரிய கோவர்த்தனன் மாமாவுக்கு, தங்கள் தங்கை மகள் தாட்சாயணி வணங்கி எழுதுவது. இங்கே அம்மாவும் நைனாவும் நானும் சௌக்கியம். கூரை மட்டும் சௌக்கியமில்லை. நகரியில் தாங்களும் அத்தையும் நான்கு தறிகளும் நலமாயிருக்கப் பெருமாளை வேண்டுகிறேன்.

நைனா எழுதச் சொன்னது ஒரே வரிதான். "அடுத்த ஞாயித்துக்கெழம, பதினஞ்சாந்தேதி, மாமன நூல் லாரி இட்டாரச் சொல்லு, சாமான் ஏத்தணும். காரணம் இன்னான்னு எழுதாத" என்றார். காரணம் இல்லாத கடிதம் தங்களைக் கவலைப்படுத்தும் என்பதால் அதை நானாகச் சேர்த்துக்கொள்கிறேன்.

எங்கள் மலையடிவாரத் தெருவில் பதினொரு வீடுகள். பத்துக்குப் பனையோலைக் கூரை. ஓடு போட்ட ஒன்று வீட்டுக்காரர் நாகபூஷணம் அவர்களுடையது. மற்றப் பத்தும் அவருடையவைதான், ஆனால் அவற்றில் அவர் குடியிருப்பதில்லை. சித்திரை வந்தால் மலையில் காய்ந்த புல் எரிந்து, சாம்பல் எங்கள் வாசல் கோலத்தில் வந்து விழும். மலையில் சுனை வற்றியதும் குரங்குகளும் இறங்கிவிடும். திருத்தணி அந்தப் பக்கம், நகரி இந்தப் பக்கம் என்று போன மாதம் எல்லை பிரித்தவர்கள் மலைக்கும் எங்கள் தெருவுக்கும் நடுவே ஒரு கோடு போட்டிருக்கலாம். போடவில்லை. அதனால் குரங்குகள் எங்கள் கூரை மேல் உட்கார்ந்து ஓலையைப் பிரித்துப் பூச்சி பொறுக்குகின்றன, மத்தியானம் அம்மா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பிரித்த இடம் வழியாக ஒரு முகம் எட்டிப் பார்க்கிறது.

இதற்காக நான் பள்ளி நூலகத்தில் ஒரு சிறு புத்தகம் எடுத்துப் படித்தேன். அதன்படி, கூரை வீட்டு வாசலில் எப்போதும் இரண்டு குடம் தண்ணீரும், எரிகிற ஓலையை இழுத்துத் தள்ள ஒரு தொரட்டியும் இருக்க வேண்டும். வைக்கோலோ விறகோ சுவரோடு சாய்த்து வைக்கக் கூடாது. குரங்குக்குத் தின்பண்டம் காட்டக் கூடாது, கண்ணுக்குக் கண் முறைக்கக் கூடாது, பல் தெரியச் சிரிக்கவும் கூடாது, அது சண்டைக்கு அழைப்பதாக எடுத்துக்கொள்ளும். இதைத் தெருவில் படித்துக் காட்டியபோது பக்கத்து வீட்டுக் கமலம்மா, "இன்னாடி இது, மாமியாராண்ட குடித்தனம் பண்ண மாதிரியே கீது!" என்று சிரித்தார். பல் தெரியத்தான் சிரித்தார். மறுநாள் அவர் வீட்டு அப்பளம் ஒரு கூடை போயிற்று.

அப்புறம் பெண்கள் எல்லோரும் கூடி, புத்தகத்தை விடச் சாமிதான் நம்பகம் என்று முடிவு செய்தார்கள். குரங்குகள் மலைக்குத் திரும்பிப்போக வேண்டும் என்று ஆஞ்சநேயருக்குச் சனிக்கிழமைதோறும் வாசலில் மாவிளக்கு ஏற்றுவதாக வேண்டுதல். எதிராளியிடமே மனு கொடுக்கலாமா என்று கேட்டேன், அம்மா கன்னத்தில் போட்டுக்கொள்ளச் சொன்னார். அரிசி மாவும் வெல்லமும் பிசைந்து, நடுவில் குழித்து, நெய்யூற்றித் திரி ஏற்றி, விளக்கு மலையேறியதும் எல்லோரும் பிட்டுத் தின்பது வழக்கம் அல்லவா, அந்த வாசனை தெரு முழுக்க அடித்தது. குரங்குக்கு மலையேறும்வரை பொறுமை இல்லை. ஒரு பெரிய கடுவன் குரங்கு இறங்கி வந்து, எரிகிற திரியோடு எங்கள் மாவிளக்கைத் தூக்கிக்கொண்டு எங்கள் கூரை மேலேயே ஏறி உட்கார்ந்தது, ஒரு கடி கடித்தது, விரல் சுட்டது, வீசிவிட்டது. கமலம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, அம்மாவிடம், "சாமி ஏத்துக்கினார்டி யசோதா!" என்றார். அடுத்த நிமிஷம் கூரையும் ஏற்றுக்கொண்டது. இரண்டு குடமும் தொரட்டியும் வாசலில் இருந்ததால் ஒரு மூலையோடு போயிற்று.

வீட்டுக்காரர் வந்தார். நைனா துணிக்கடையில் கஜக்கோல் பிடிக்கிற கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஏம்பா எத்திராஜு, யாரு வெச்ச நெருப்பு?"

"நாங்க வெக்கலீங்க. கொரங்கு தூக்கிக்கினு போயி..."

"தப்பு தப்பு! ஆஞ்சநேய சாமி மேல பழி போட்றியா? லங்கையத் தவிர அவரு எந்த ஊரயும் கொளுத்தினதில்லப்பா."

குரங்கைக் குற்றம் சொல்ல முடியாது, அது சாமி. கூரையைக் குற்றம் சொல்ல முடியாது, அது வீட்டுக்காரருடையது. மீதி நாங்கள் மூவர்தான். பதினைந்தாம் தேதிக்குள் காலி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார். நெருப்புக்கு ஆளான குடும்பம் என்று வேறு யாரும் வீடு தரவில்லை. நகரிக்கு வந்தால் நான் தங்கள் தறிக்கு நூல் தார் சுற்ற வேண்டியதுதான் என்று அம்மா அழுகிறார். மாமா, நான் நான்காம் பாரத்துக்குத் தேறியிருக்கிறேன். ஜூனில் பள்ளி திறக்கிறது. தார் சுற்றுவது கேவலம் என்று நான் சொல்லவில்லை; ஆனால் ஒரு கையால் சுற்றிக்கொண்டு மறுகையால் படிக்க முடியுமா என்று அத்தையிடம் கேட்டுச் சொல்லுங்கள். முடியாது என்றால் வீட்டுக்காரருக்குத் தாங்கள் ஒரு கடிதம் எழுத வேண்டும். தெலுங்கில் எழுதினால் நல்லது. குரங்கைப் பற்றி எதுவும் வேண்டாம்.

அத்தைக்கு என் நமஸ்காரம். தறிகளில் நூல் அறாமல், வீட்டில் பேச்சு அறாமல் தாங்கள் நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள மருமகள்,
எ. தாட்சாயணி.

பி.கு.: இன்று சனிக்கிழமை. நைனா இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல் சட்டைப் பையிலேயே வைத்திருந்திருக்கிறார், நல்லதாயிற்று. மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். இன்று சாயங்காலம் வீட்டுக்காரர் வீட்டிலும் மாவிளக்கு ஏற்றினார்கள், அவர்கள் நெய் தாராளம். அதே கடுவன் அதைத் தூக்கிக்கொண்டு அவர்களுடைய மாட்டுக்கொட்டகைக்கு மேல் போய்விட்டது. எங்கள் இரண்டு குடமும் தொரட்டியும்தான் முதலில் ஓடின. நைனா கயிற்றை அறுத்துப் பசுவை இழுத்து வந்துவிட்டார். கொட்டகை போய்விட்டது. வீட்டுக்காரர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சாமியாவது பூதமாவது! அது வெறும் கொரங்கும்மா, கொரங்கு!" என்று கத்தினார். பதவி இறங்கிய விஷயம் தெரியாமல் அது ஓட்டின் மேல் உட்கார்ந்து விரலைச் சப்பிக்கொண்டிருந்தது. காலி செய்ய வேண்டாமாம், நான் பள்ளிக்கூடம் போகலாமாம். பசுவை எங்கள் வாசலில் கட்டியிருக்கிறார், பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே. ஆகவே லாரி வேண்டாம்.

இன்னொரு பி.கு.: சற்று முன் பசுவுக்கு ஒரு வண்டி வைக்கோல் வந்து இறங்கியது. எங்கள் ஓலைக்கூரைக்குக் கீழே, சுவரோடு சாய்த்து அடுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். புத்தகத்தில் இருப்பதை வீட்டுக்காரரிடம் சொல்லலாமா என்று கேட்டேன். நைனா, "இப்பத்தான் இருன்னு சொல்லிக்கீறாரு, கம்முனு இரு" என்கிறார். லாரிக்காரரிடம் மட்டும் சொல்லி வையுங்கள், மாமா.