பி.ஏ. நாற்காலி

கோட்டாறு ஜவுளிக்கடை ஜஸ்டஸ் வீட்டு முன்னறையில் நாற்காலி இரண்டுதான். ஒன்றில் மாப்பிள்ளை யூஜின் உட்கார்ந்தாயிற்று. மற்றதில் உட்கார மாப்பிள்ளையின் தகப்பனார் மரியஜான் பாதி குனிந்திருந்தார். அந்த நேரம் பார்த்துப் பெண்ணின் தாய்மாமன் யேசுரத்தினம் உள்ளே வந்தார்.

"மச்சான், இங்கன இரியும். தாய்மாமனுக்குப் பொறவுதான் மத்தவிய" என்று ஜஸ்டஸ் அந்த நாற்காலியை அவர் பக்கமாக இழுத்து உட்காரவைத்தார்.

குனிந்த மரியஜான் நிமிர்ந்தார். முட்டத்தில் கருவாட்டு வியாபாரத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. பெண் பார்க்க வந்த இடத்தில் நாற்காலி நழுவிப் போனதை அவரால் பொறுக்க முடியவில்லை.

"சம்மந்தி, ஒரு காரியம் சொல்லுகேன். நாற்காலிங்கது முறைய வச்சு இல்ல, படிப்ப வச்சாக்கும். எங்க யூஜின் திருவனந்தபுரத்துல பி.ஏ. படிச்சவன். அவனுக்குச் சரியா பி.ஏ. பாசானவிய இருக்கட்டும். மத்தவிய பாயில."

யேசுரத்தினம் எழுந்து பாயில் சம்மணம் போட்டார். காலியான நாற்காலியை நோக்கி மரியஜான் மறுபடி குனிந்தார்.

"அண்ணாச்சி பி.ஏ. எங்க படிச்சீய?" என்று பாயிலிருந்து குரல் வந்தது.

மரியஜான் மறுபடி நிமிர்ந்தார். கையெழுத்துப் போடவே அவருக்கு ஒரு வெற்றிலை மெல்லும் நேரம் பிடிக்கும். வேறு வழியில்லாமல் பாயில் இறங்கினார். அவருடைய முழங்கால் போட்ட சத்தம் அடுப்படிவரை கேட்டது.

வீட்டுக்காரர் மட்டும் நிற்க முடியுமா? ஜஸ்டஸும் பாய்க்கு வந்துவிட்டார்.

"எங்க ஞானமும் பாத்துக்கிடுங்க…" என்று அவர் மகளைப் பற்றி ஆரம்பித்தார்.

"பொண்ணப் பத்தி என்ன பேச்சு, சம்மந்தி? பொம்பளப் பிள்ளைக்கு ஜெபப் புஸ்தகம் வாசிக்கத் தெரிஞ்சா போராதா? நாம இப்போ பி.ஏ.யப் பத்தியில்லா பேசிட்டிருக்கோம்."

ஜஸ்டஸ் வாயை மூடிக்கொண்டார். யூஜின் தவியாய்த் தவித்தான். சவேரியார் கோவில் திருவிழாவில் ஞானத்தைப் பார்த்த நாளிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. இந்தப் பெண் இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்று வீட்டில் ஒற்றைக்காலில் நின்றவன் அவன். அப்பா போகிற போக்கைப் பார்த்தால் வில்லுவண்டியை வெறுங்கையோடுதான் திருப்ப வேண்டியிருக்கும் போலிருந்தது.

"மாப்பிள்ளே, கறுப்பு அங்கி போட்டுப் படம் எடுத்தீயளா?" என்று யேசுரத்தினம் அன்பாகத்தான் கேட்டார்.

"பின்ன எடுக்காமலா? வீட்டுல பெருசா மாட்டிருக்கு" என்றார் மரியஜான்.

"அப்பா, அது நாடகத்துல போட்ட அங்கி" என்றான் யூஜின். அவனுக்குப் பொய் வராது. "மாமா, பி.ஏ. மூணு பாகத்துல எனக்கு இன்னும் இங்கிலீஷ் பாக்கி. மத்த ரெண்டும் பாஸ்."

மரியஜான் அசரவில்லை.

"மூணுல ரெண்டுன்னா செயிச்சதுதானே, வோய்? நம்ம ஊருக் கூட்டத்துலயே மூணு பேருல ரெண்டு பேரு கை தூக்கினா முடிஞ்சு போச்சு."

"நியாயந்தான்" என்றார் யேசுரத்தினம். "அப்போ நாற்காலியிலயும் மூணுல ரெண்டு பாகத்துல இருக்கட்டும்."

பெரியவர்கள் சொல்லைத் தட்டாத பிள்ளை யூஜின். நாற்காலியின் ஓரத்துக்கு நகர்ந்தான்.

"இன்னும் கொஞ்சம் தள்ளு மக்கா. நம்ம பேருல குத்தம் வரக்கூடாது" என்றார் மரியஜான்.

யூஜின் இன்னும் கொஞ்சம் தள்ளினான். நாற்காலி ஒருபக்கமாகத் தூக்கியது. அடுத்த கணம் மாப்பிள்ளை தாய்மாமன் மடியில் கிடந்தான்.

அவனை எடுத்துத் தூசி தட்டிப் பாயிலேயே உட்காரவைத்தார்கள். சத்தம் கேட்டு ஓடிவந்த ஜஸ்டஸின் தங்கை ஜெபகனி, சாய்ந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றுகொண்டாள். இப்போது நாற்காலி இரண்டும் காலி. மனிதர்கள் அத்தனை பேரும் தரையில் நெருக்கியடித்துக்கொண்டு அவற்றை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"போவட்டும் சம்மந்தி. சட்டமும் வேண்டாம், மண்ணும் வேண்டாம். எந்திரிச்சு நாற்காலியில இரிங்க" என்று ஜஸ்டஸ் கெஞ்சினார்.

மரியஜான் முழங்காலைத் தடவிக்கொண்டார். "உங்களுக்குத் தெரியாது, சம்மந்தி. ஒரு வழக்கு விசயமா வக்கீல் வீட்டுக்குப் போயிருந்தேன். நாற்காலி நாலு சும்மா கிடந்துது. எம் மகன் வயசுல ஒரு பயல், பி.ஏ. குமாஸ்தாவாம், அவன் இருக்கான். நான் நிக்கேன். காலையில இருந்து உச்சவரைக்கும் நின்னேன். காலு வலிச்சது போயிட்டு, மனசு வலிச்சது போவல. அண்ணைக்கு நினைச்சேன், எம் பிள்ளைக்கு ஒரு பி.ஏ. வாங்கிக் குடுத்துட்டா பொறவு எவனும் என்ன நிக்க வைக்க மாட்டான்னு."

யேசுரத்தினம் அவர் தோளைத் தொட்டார். "அண்ணாச்சி, உம்ம நிக்க வச்சவன் முட்டாப்பய. எந்திரியும், நாமளே ஆளுக்கொண்ணுல இருப்போம்."

அத்தோடு விட்டிருந்தால் நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் நுணல் வாயை மூடிக்கொண்டிருக்குமா?

"முடியாது, வோய். மரியஜான் ஒரு சொல்லு சொன்னா சொன்னதுதான். பி.ஏ. முழுசாப் பாசானவியளத் தவிர ஒரு ஆளு இந்த நாற்காலியில இருக்கப்படாது. இருந்தா இந்தச் சம்பந்தம் வேண்டாம்."

யூஜின் தலையில் கை வைத்துக்கொண்டான்.

அடுப்படியிலிருந்து ஞானம் காப்பித் தட்டோடு வந்தாள். எல்லாருக்கும் குனிந்து குனிந்து கொடுத்தாள். மரியஜானுக்கு மனசு குளிர்ந்து போயிற்று. எவ்வளவு அடக்கம், எவ்வளவு பணிவு. மருமகள் என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும்.

"நீயும் இரி, மக்கா" என்றார் வாஞ்சையாக.

ஞானம் பாயைப் பார்த்தாள். உள்ளங்கை அளவுகூட இடமில்லை. தட்டைச் சுவரோரம் சாத்திவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

மரியஜான் கையிலிருந்த காப்பி வேட்டியில் சிந்தியது. "ஏட்டி, எந்திரி. அதுல நீ இருக்கப்படாது, சம்பந்தமே முறிஞ்சு போவும்."

சுவரோரம் நின்ற ஜெபகனி சொன்னாள்: "ஒண்ணும் முறியாது அண்ணாச்சி, அவ மதராசுல தங்கிப் படிச்சு, பி.ஏ. மூணு பாகமும் போன வருசமே பாசாயாச்சு."